பழைய மூவி கேமராவும் பிலிம் சுருளும் தேடுவது எப்படி: தோட்டப்புறத்து ஆள்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் பழைய போட்டோ நாலைந்தாவது எடுத்து நீட்டுவார்கள். அதே ஆள்களிடம் அசையும் படம் இருக்கிறதா என்று கேட்டால், "அந்தக் காலத்துல நமக்கு ஏது அதெல்லாம்" என்றுதான் பதில் வரும். ஓரளவு உண்மைதான், பால்வெட்டுச் சம்பளத்தில் மூவி கேமரா வாங்க முடியாது. ஆனால் வாங்க வசதி உள்ளவர்களும் அதே தோட்டத்தில்தான் இருந்தார்கள். துரை, பெரிய கிராணி, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், டவுனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர், வெளிநாடு போய் வந்த கடைக்காரர், தேவாலயத்துப் பாதிரியார். படம் பிடித்தது அவர்கள், படத்தில் இருப்பது நம் ஆள்கள்.

இந்த வழிகாட்டி இரண்டு வகையினருக்கு. பழைய கேமரா வாங்கி அதில் இன்றைக்குப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு பக்கம், எங்கேயோ அலமாரியில் கிடக்கும் பழைய சுருளைக் கண்டுபிடித்துப் பார்க்க நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் தேடும் இடம் ஒன்றேதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு சுருள்தான் முதலில். காரணம் இதுதான்: வீட்டுப் படத்துக்கு விற்ற பிலிம் பெரும்பாலும் ரிவர்சல் வகை. போட்டோவுக்கு நெகட்டிவ் இருக்கும், பிரதி தொலைந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். இதில் நெகட்டிவே கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே பிலிமைத்தான் கழுவித் திரையில் ஓட்டினார்கள், உலகத்தில் இருக்கும் ஒரே பிரதியும் அதுதான். கேனான் கேமரா வேண்டுமென்றால் ஜப்பானிலிருந்து நாளைக்கே வரவழைக்கலாம். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதி பதிவான சுருளை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது.

படி 1: எந்த அளவு என்று அடையாளம் காண்பது

இது தெரியாமல் கிளம்பினால் காசு வீணாகும். நம் பக்கம் கண்ணில் படக்கூடியவை நான்கு.

16 மிமீ. கோடாக் 1923-இல் கொண்டு வந்தது. செலவு அதிகம், அதனால் துரை பங்களாக்களிலும் அரசாங்க இலாகாக்களிலும்தான் இருந்திருக்கும்.

8 மிமீ, அதாவது இப்போது ரெகுலர் 8 அல்லது டபுள் 8 என்று சொல்வது. 1932-இல் வந்தது. 16 மிமீ அகலத்தில் 25 அடி பிலிமை ஒரு பக்கம் ஓட்டி, சுருளைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் ஓட்டுவார்கள். கழுவும்போது நடுவில் பிளந்து ஒட்டி 50 அடியாகத் தருவார்கள்.

சூப்பர் 8. 1965-இல் கோடாக் வெளியிட்டது. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் 50 அடி, கேமராவில் சொருகினால் போதும். வினாடிக்கு 18 பிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் 3 நிமிடம் 20 வினாடி ஓடும், 24 பிரேமில் இரண்டரை நிமிடம்.

சிங்கிள் 8. அதே 1965-இல் ஃபூஜி விட்டது. பிலிமின் அளவும் ஓட்டைகளும் சூப்பர் 8 மாதிரியேதான், ப்ரொஜெக்டரில் இரண்டும் ஓடும். ஆனால் டப்பா வேறு. சூப்பர் 8 டப்பா ஏறக்குறைய சதுரம், சிங்கிள் 8 டப்பா மெலிந்து உயரமாக, மேலும் கீழுமாக இரண்டு சுருளோடு இருக்கும். ஒன்றின் கேமராவில் இன்னொன்று நுழையாது. ஃபூஜி இதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டதால், படம் பிடிக்க வாங்குகிறீர்கள் என்றால் ஃபூஜிக்கா சிங்கிள் 8 கேமராவை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அலமாரியில் வைக்க என்றால் தாராளமாக வாங்கலாம்.

கையில் ஒரு பழைய சுருள் கிடைத்தால் நடு ஓட்டையைப் பாருங்கள். ரெகுலர் 8 சுருளின் நடு ஓட்டை சின்னது, சுண்டுவிரல் நுழையச் சிரமப்படும். சூப்பர் 8 ஓட்டை பெரியது, அரை அங்குலம் இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் பிலிமின் நுனியை ஒரு சாண் மட்டும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓட்டை பெரிதாக, இரண்டு பிரேமுக்கு நடுவே இருக்கும் கோட்டுக்கு நேராக இருந்தால் ரெகுலர் 8. ஓட்டை குறுகலாக, ஒவ்வொரு பிரேமின் நடுப்பகுதிக்கு நேராக இருந்தால் சூப்பர் 8. ஓட்டை சிறுத்ததால் படத்துக்குக் கூடுதல் இடம் கிடைத்தது, அதனால்தான் சூப்பர் 8 கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

படி 2: யாரிடம், எப்படிக் கேட்பது

தேடலில் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. இணையத்துக்குப் போகும் முன் ஊருக்குள் கேளுங்கள்.

"உங்க வீட்டுல சூப்பர் 8 கேமரா இருந்துச்சா" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. கேமராவைப் பார்த்தவர்கள் குறைவு, படம் காட்டியதைப் பார்த்தவர்கள் நிறைய. அதனால் அதைக் கேளுங்கள். "பெரியப்பா, அந்தக் காலத்துல யாராச்சும் வீட்டுல வெள்ளை வேட்டி கட்டி சின்னதா படம் காட்டுனாங்களா? டர்ர்ருன்னு மெஷின் சத்தம் கேக்குமே?" இப்படிக் கேட்டால் முகம் மாறும். "ஆமாப்பா, டிரெஸ்ஸர் ஐயா வீட்டுல அவர் மக கல்யாணத்தைக் காட்டுனாங்க, நாங்க ஜன்னல்ல ஏறி நின்னு பார்த்தோம்" என்று ஒரு நூல் கிடைக்கும். அந்த டிரெஸ்ஸரின் பேரப்பிள்ளைகள் இப்போது ஈப்போவிலோ ஷா ஆலமிலோ இருப்பார்கள், தோட்டத்துப் புலனக் குழுவில் ஒரு வரி போட்டால் யாராவது எண் தருவார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திடலில் வேன் வந்து பெரிய திரையில் படம் காட்டியதாகச் சொன்னால் அது தகவல் இலாகா வேன். 1946-இல் தொடங்கிய மலாயன் பிலிம் யூனிட் எடுத்த படங்களை அப்படித்தான் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அது வேறு வழக்கு. நாம் தேடுவது வீட்டுக்குள், கோவில் மண்டபத்தில், பள்ளிக்கூட வகுப்பறையில் காட்டியதை.

கேட்க வேண்டியவர்கள் என்று நான் முதலில் நினைப்பது: பழைய கிராணிமார் குடும்பங்கள், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், கோவில் கமிட்டியின் பழைய செயலாளர், மூடிய போட்டோ ஸ்டூடியோவின் வாரிசு. ஸ்டூடியோக்காரர்களை மட்டும் தவற விடாதீர்கள். வாடிக்கையாளர் வந்து எடுக்காமல் விட்ட சுருள்கள் அவர்கள் வீட்டு ஸ்டோரில் வருஷக்கணக்கில் கிடக்க வாய்ப்பு உண்டு.

வீட்டுக்குப் போனால் பெரிய பெட்டியைத் தேடாதீர்கள். 50 அடிச் சுருள் மூன்று அங்குல அகலம்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கோடாக் என்றால் பெரும்பாலும் சின்ன மஞ்சள் அட்டைப்பெட்டி. பழைய பிஸ்கட் டின்னுக்குள், தையல் சாமான்களுக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே கிடக்கும். வீட்டுக்காரர்களுக்கே அது கேசட் டேப் என்றுதான் நினைப்பு. அட்டையின் ஓரத்தில் மைப்பேனாவால் "பாப்பா 1 வயசு" என்றோ "தைப்பூசம்" என்றோ எழுதியிருந்தால் அந்த அட்டையையும் பத்திரப்படுத்துங்கள், சுருளில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

இடம் மாறிய வீடுகள் இன்னொரு பெரிய வாய்ப்பு. லயத்தைக் காலி செய்து தாமான் வீட்டுக்குப் போனவர்கள், இப்போது தாத்தா பாட்டி இறந்து அந்த வீட்டையும் விற்கிறார்கள். "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கி வைத்து லோரியில் வரும் பழைய சாமான்காரரிடம் எல்லாம் போய்ச் சேர்கிறது. அவரிடம் நட்பு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் கேமரா படமும் சுருள் படமும் காட்டி, இந்த மாதிரி வந்தால் எடுத்து வையுங்கள், எடைக்கு மேல் தருகிறேன் என்று சொல்லி எண்ணைக் கொடுங்கள். எடைக்குப் போட்டால் அவருக்குச் சில காசு, உங்களிடம் கொடுத்தால் வெள்ளிக்கணக்கில். ஞாபகம் வைத்துக்கொள்வார்.

துரைமார் எடுத்த படங்கள் பெரும்பாலும் அவர்களோடு கப்பல் ஏறிவிட்டன. அவற்றையும் ஓரளவு தேட முடியும். பிரிட்டனில் பிரிஸ்டல் ஆவணக் காப்பகத்தில் பேரரசுக் காலத்து வீட்டுப் படங்கள் இருக்கின்றன, காலனிய காலப் படங்களுக்கான ஒரு பொதுப் பட்டியலும் 2010 முதல் இணையத்தில் இருக்கிறது. தேடும்போது தமிழர் என்று மட்டும் போட்டுத் தேடினால் போதாது, எடுத்தவர்கள் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டார்கள். ரப்பர், எஸ்டேட், கூலி என்று அவர்கள் பயன்படுத்திய சொற்களைப் போடுங்கள், அந்தச் சொல் நமக்குக் கசந்தாலும் பட்டியலில் அப்படித்தான் இருக்கும். ஊர்ப்பெயரும் பழைய பெயர்தான்: தெலுக் இந்தானுக்கு தெலுக் ஆன்சன், கிள்ளான் துறைமுகத்துக்கு போர்ட் ஸ்வெட்டன்ஹம், செபராங் பிறைக்கு புரொவின்ஸ் வெல்லெஸ்லி.

படி 3: சந்தையும் இணையமும்

ஈப்போவில் மெமரி லேன் என்று சொல்லும் ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தை, பினாங்கில் லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தை. இந்த மூன்றும் பழம்பொருள் ஆள்கள் கூடும் இடம். விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறிய பிறகு நல்ல சாமான் மிஞ்சாது. பையில் ஏஏ பேட்டரி ஆறும் ஒரு சின்ன டார்ச் லைட்டும் கட்டாயம்.

இணையத்தில் கேரோசல், மூடா, முகநூல் சந்தை. இங்கே விற்பவருக்கே பெயர் தெரியாது என்பதுதான் உங்களுக்குச் சாதகம். "கேமரா லாமா", "அந்திக்", "வீடியோ கேம் லாமா", "ப்ரொஜெக்டர் லாமா" என்று மலாயில் தேடுங்கள். சரியான மாடல் பெயரோடு போடுகிறவர் விலையும் தெரிந்துதான் போடுவார். ஜப்பான் விற்பனையாளர்களிடம் ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் ஜங்க் என்று குறிப்பிட்டிருந்தால் சோதிக்கவில்லை அல்லது ஓடவில்லை என்று பொருள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி உண்டு, தபால் செலவோடு அதையும் கூட்டிப் பாருங்கள்.

புதுசாகவே வாங்கலாமே என்றால், கோடாக் 2016-இல் அறிவித்த புது சூப்பர் 8 கேமரா 2023 கடைசியில்தான் விற்பனைக்கு வந்தது, விலை ஐயாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். பழையதுதான் நமக்கு.

மாடல் கேட்டால், முதல் கேமராவுக்கு நான் சொல்வது கேனான் 310 எக்ஸ்எல் அல்லது 514 எக்ஸ்எல். எக்ஸ்எல் என்று முடியும் கேமராக்கள் குறைந்த வெளிச்சத்துக்காகச் செய்தவை, 310 எக்ஸ்எல்லின் லென்ஸ் எஃப் 1.0, அதாவது நிறைய வெளிச்சத்தை உள்ளே விடுவது. கோவில் மண்டபத்துக்குள், மாலை நேரத்து வாசலில் கைகொடுக்கும். நிக்கான் ஆர்8, ஆர்10, கேனான் 814, 1014 எல்லாம் அருமையானவை, விலையும் அப்படியே. பேட்டரியே வேண்டாம் என்றால் சாவி கொடுத்து ஓட்டும் ரெகுலர் 8 கேமரா, போலெக்ஸ் மாதிரி. நல்லெண்ணெய் வைத்த பூட்டு போல இன்றைக்கும் ஓடும். ஆனால் அதில் காலிச் சுருள் ஒன்று உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பிலிமைச் சுற்றிக்கொள்ள வழியில்லை.

படி 4: வாங்கும் முன் சோதனை

முதலில் பேட்டரி அறை. பச்சை, வெள்ளைப் பொரி படிந்திருந்தால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம், ஸ்பிரிங்கே அரித்துப் போயிருந்தால் வேண்டாம்.

பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அழுத்துங்கள். மோட்டார் ஒரே சீராகக் கேட்க வேண்டும், இழுத்து இழுத்து ஓடினால் உள்ளே கிரீஸ் கெட்டியாகிவிட்டது. பிலிம் அறையைத் திறந்து வைத்து ஓட்டினால் பிலிமை இழுக்கும் சின்ன நகம் மேலும் கீழும் போவது தெரியும், பிலிமைச் சுற்றும் அச்சும் திரும்ப வேண்டும். விரலால் அச்சை லேசாகப் பிடித்தால் வழுக்கிவிட்டு, விட்டவுடன் மறுபடி சுற்றினால் நல்லது.

அப்புறம் வெளிச்ச மீட்டர். கண் வைத்துப் பார்த்துக்கொண்டே கேமராவை வானத்துக்கும் இருட்டு மூலைக்கும் திருப்புங்கள், முள் நகர வேண்டும். நகரவில்லையென்றால் உடனே ஒதுக்க வேண்டாம், மோட்டாருக்கு ஏஏ பேட்டரியும் மீட்டருக்குத் தனியாகப் பட்டன் பேட்டரியும் கேட்கும் மாடல்கள் உண்டு. அந்தப் பட்டன் பேட்டரி பல மாடல்களில் பிஎக்ஸ் 625 என்ற பாதரச வகை, 1.35 வோல்ட், இப்போது விற்பதில்லை. காது மெஷினுக்குப் போடும் 675 ஜிங்க் ஏர் பேட்டரியை அடாப்டர் வளையத்தோடு போட்டால் வோல்டேஜ் ஏறக்குறைய ஒத்துவரும். பார்மசியிலேயே கிடைக்கும்.

கடைசியாக லென்ஸ், நம் நாட்டில் இதுதான் பெரிய வில்லன். டார்ச் லைட்டை ஒரு பக்கமிருந்து சாய்வாக அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் லேசாக என்றால் படத்தில் தெரியாது, நடுவில் படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். வாங்கி வந்த கேமராவை அலமாரியில் துணி சுற்றி வைக்கவே கூடாது. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், வசதி இருந்தால் டிரை கேபினெட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில்.

படி 5: புது பிலிம்

சூப்பர் 8 பிலிம் இன்றும் தயாராகிறது. கோடாக்கில் விஷன்3 வரிசையில் 50டி (D), 200டி (T), 500டி (T) நெகட்டிவ்கள் (50 பகல் வெளிச்சத்துக்கு, மற்ற இரண்டும் பல்பு வெளிச்சத்துக்கு), கறுப்பு வெள்ளைக்கு ட்ரை எக்ஸ், கலர் ரிவர்சலுக்கு எக்டாக்ரோம் 100டி. எக்டாக்ரோமை நிறுத்திவிட்டு 2018-இல் திரும்பக் கொண்டு வந்தார்கள். ரெகுலர் 8-க்கு செக் நாட்டு ஃபோமாபான் ஆர்100 கறுப்பு வெள்ளை கிடைக்கிறது.

பல சாதாரண கேமராக்களுக்கு பிலிம் வேகம், அதாவது பிலிம் வெளிச்சத்தை வாங்கும் திறன், 40, 160 இரண்டுதான் தெரியும். 200 பிலிமைப் போட்டால் 160 என்று எடுத்துக்கொள்ளும், நெகட்டிவ் அந்தக் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். எக்டாக்ரோம் அவ்வளவு தாங்காது, அதனால் முதல் டப்பா நெகட்டிவாக இருக்கட்டும். பகல் பிலிம் போட்டால் கேமராவில் இருக்கும் சூரியன், பல்பு சுவிட்சைப் பல்புப் பக்கம் தள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஆரஞ்சு பில்டர் அப்போதுதான் விலகும்.

கழுவுவது சாதாரண போட்டோ கடை வேலை இல்லை. விஷன்3 பிலிமுக்கு இசிஎன் 2 என்ற முறை வேண்டும். ஆஸ்திரேலியாவில் டேல்ஸ்போர்டு ஊரில் நானோலேப், பெர்லினில் ஆண்டெக் மாதிரி இதற்கென்றே இருப்பவர்களிடம் முதலில் எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கழுவி ஸ்கேன் செய்யும் செலவு கேமரா விலையைத் தாண்டும், இதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பயணத்தில் எடுத்துப் போனால் விமான நிலைய எக்ஸ்ரேக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், புது சிடி (CT) ஸ்கேனர்கள் பிலிமைக் கெடுத்துவிடும்.

படி 6: பழைய சுருள் கிடைத்துவிட்டது, இனி?

முதலில் செய்யக்கூடாதது: ப்ரொஜெக்டரில் போட்டு ஓட்டிப் பார்ப்பது. ஆசை தாங்காது, தெரியும். ஆனால் நம் வெக்கையில் இத்தனை வருஷம் கிடந்த பிலிம் சுருங்கியிருக்கும், ப்ரொஜெக்டரின் பல் ஓட்டைகளைக் கிழித்துவிடும், ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும். இருப்பதே ஒரு பிரதி.

டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வினிகர் வாடை அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. அதை நிறுத்த முடியாது, குளிரில் வைத்து வேகத்தைக் குறைக்கலாம். அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அதுதான் என்று குறித்துக்கொள்ளுங்கள். பூஞ்சை படிந்திருந்தால் தண்ணீர் படவே கூடாது, பூஞ்சை தின்ற படலம் கரைந்து படமே போய்விடும். தீப்பிடிக்குமோ என்ற பயம் 8 மிமீ பிலிமுக்கு வேண்டாம், அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டில் செய்யப்பட்டதில்லை.

இன்னும் கழுவாத சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் (பிலிம் டப்பா) கிடைத்தால், அதைத் திறக்காமல் ஜன்னலில் தெரியும் பிலிமைப் பாருங்கள். எக்ஸ்போஸ்டு என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் முழுக்கப் படம் பிடித்தது. கோடாக்கின் பழைய கலர் ரிவர்சல் பிலிமான கோடாக்ரோம் என்றால் இனி கலரில் கழுவ முடியாது, உலகத்தில் கடைசியாக அதைக் கழுவிய கன்சாஸ் மாநிலத்து ட்வெய்ன்ஸ் லேப் 2010 டிசம்பர் 30 வரைதான் சுருள்களை ஏற்றுக்கொண்டது. கறுப்பு வெள்ளையாக எடுத்துத் தர கனடாவின் பிலிம் ரெஸ்க்யூ போன்றவர்கள் இருக்கிறார்கள். கழுவிய கோடாக்ரோம் கிடைத்தாலோ பெரும் பாக்கியம், இருட்டில் கிடந்தால் அதன் நிறம் அவ்வளவு எளிதில் மங்காது. சிவப்புச் சேலையும் மஞ்சள் மாலையும் நேற்று எடுத்தது போலத் தெரியும்.

வீட்டில் ஸ்கேன் செய்ய வோல்வரின், கோடாக் ரீல்ஸ் மாதிரி சின்ன மெஷின்கள் உண்டு, பிரேம் பிரேமாகப் படம் எடுத்து எஸ்டி கார்டில் எம்பி4 ஆகச் சேர்க்கும். நல்ல நிலையில் உள்ள சுருளுக்குப் போதும். சுருங்கியது, வினிகர் வாடை அடிப்பது, திருமணம் மாதிரி மிக முக்கியமானது என்றால் ஓட்டைப் பற்களை நம்பாமல் உருளையில் ஓட்டும் ஸ்கேனர் வைத்திருக்கும் தொழில்முறை ஆள்களிடம் கொடுங்கள். எத்தனை நேரப் படம் என்று முன்னாலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்: 50 அடி ரெகுலர் 8 வினாடிக்கு 16 பிரேமில் நாலு நிமிடம், 200 அடி சூப்பர் 8 சுமார் 13 நிமிடம்.

படி 7: எந்த வருஷம், யார்

கோடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும், அது தயாரித்த ஆண்டு. பழைய குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வந்தவை, அதனால் படத்துக்குள்ளேயும் பார்க்க வேண்டும். லயத்தைச் சுற்றி உயரமான முள்வேலி தெரிந்தால் பெரும்பாலும் 1948 முதல் 1960 வரையான அவசரகாலம். பால்மரம் நின்ற மேட்டில் செம்பனை நின்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

ஸ்கேன் முடிந்ததும் பெரியவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள், பக்கத்தில் கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிடுங்கள். சத்தமில்லாத படம் ஓடும்போது அவர்களே பேசத் தொடங்குவார்கள், "இது நம்ம தண்டல் வீட்டு மருமக, அந்தப் பக்கம் நிக்கிறது ஆயாக்கொட்டகை ஆயா" என்று. யார் எந்த நிமிடத்தில் என்று உடனே எழுதிக்கொள்ளுங்கள். 80 வயதைத் தாண்டியவர்களை முதலில் பாருங்கள், மற்ற எல்லாப் படியையும் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளிப் போட முடியாது. இணையத்தில் ஏற்றும் முன் அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள்.

ஸ்கேன் ஆகிவிட்டதென்று அசல் சுருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும். காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல்லோடு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், வெளியே எடுத்தால் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோக்கும். குடும்பத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கோலாலம்பூரில் அர்கிப் நெகாரா இருக்கிறது, ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பென்சிலால் ஒரு தாளில் தோட்டத்தின் பெயர், குடும்பப் பெயர், எடுத்தவர் பெயர் எழுதி டப்பாவோடு வையுங்கள். மை ஈரத்தில் ஊறிப் போகும், பென்சில் போகாது.